வீரமலை சுவரை உடைத்த கதை

போன செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் வீட்டு வாசலில் பாணும் பணிஸும் விற்கும் பேக்கரி ஆட்டோ வந்து நின்றது. லிந்துலையில் இருப்பவர்களுக்குத் தெரியும் — பாட்டைப் போட்டுக்கொண்டு வளைவு வளைவாக ஏறி வருமே, அதேதான்.

பக்கத்து வீட்டுத் தர்ஷினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயது ஐந்து. தாய் ஒரு கிம்புலா பணிஸை எடுத்து அவளிடம் நீட்டினாள். முதலை மாதிரி நீளமாக, முதுகில் சீனி மின்ன, சூடாக...

"வேணாம்."

"ஏன்டி? நேத்து வரைக்கும் இதுக்குத்தானே அழுத?"

"இது முத்து, அம்மா! பாண் மாமாவோட முதலை. முத்துவ யாராச்சும் திம்பாங்களா?"

ஆட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னிக்கு இது நாலாவது வீடு சார். கார்ட்டூன் போட்டா யாவாரம் கூடும்னாங்க. இப்ப முதலைய ஒரு புள்ளையும் தொட மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பாணை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன்?

வழக்கமாக இந்தப் பத்தியில் நான் மற்றவர்களைப் பற்றித்தான் பேசுவேன். மிச்சக்காசு தராத கண்டக்டர், மூன்று மாதமாகத் தோண்டி மூடாத ரோட்டு, என் மனைவியின் ரசம்... நீங்களும் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள். இந்த வாரம் முறைப்பாடு என் மேல். முறைப்பாட்டுக்காரனும் நானேதான்.

முதலில் கார்ட்டூனைப் பார்க்காதவர்களுக்காக. 'பாண் மாமா' என்று யூடியூபில் ஏழு நிமிடப் படம் ஒன்று ஓடுகிறது. அந்த மாமா கற்பனை மனிதர் அல்ல. எங்கள் ஊர் பேக்கரியைத் தொடங்கிய வீரமலை முதலாளி. மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். இப்போது பேக்கரியை நடத்தும் அவருடைய மகள் செல்வராணி, தகப்பனின் நினைவாக ஹட்டனில் ஒருவரைப் பிடித்து இதைச் செய்வித்திருக்கிறார்.

படத்தில் என்ன வருகிறது? மழையில் ஆறு பெருகுகிறது. தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் அக்கரையில் பசியோடு நிற்கிறார்கள். பேக்கரிப் போறணைக்குள் வெந்துகொண்டிருந்த முத்து என்ற கிம்புலா பணிஸ் கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டு, வெளியே குதிக்கிறது. பாண் மாமா அதன் முதுகில் ஏறி ஆற்றைக் கடக்கிறார். கடைசிக் காட்சியில், "பாண் எப்படிப் பிறக்குதுன்னு எங்களுக்குக் காட்டுங்க மாமா" என்று பிள்ளைகள் கேட்க, அவர் முஷ்டியை ஓங்கி பேக்கரிச் சுவரில் ஒரே ஒரு குத்து. சுவர் பொடிப்பொடியாகி ரஸ்க்காக உதிர்கிறது. பிள்ளைகள் பொறுக்கித் தின்கிறார்கள்.

முதலை கட்டுக்கதை என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் சுவர்? அங்கேதான் வேடிக்கை. பேக்கரிக்கு உண்மையாகவே முன்சுவர் கிடையாது. பெரிய கண்ணாடிதான். ரோட்டில் போகிற யாரும் மா பிசைவதை நின்று பார்க்கலாம். ஆகவே சுவரை வீரமலை உடைத்தது உண்மை என்பது ஊரின் கணக்கு.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "எங்கப்பா கண்ணால பாத்தாரு சார். ஒரே குத்து!"

நான் பார்த்தேன். நான்கு நாள் எடுத்தது. பியசேன என்ற மேசன் பாஸ்தான் உடைத்தார். இரண்டு இரும்பு அலவாங்கு வளைந்தது. வீரமலை ஓரமாக நின்று, "பாத்து பாஸ், கூரை வந்துரும்... பாத்து பாஸ், கூரை வந்துரும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

சரி, ஏன் உடைத்தார்? பிள்ளைகள் கேட்டதாலா?

இல்லை. என்னால்.

போன மாதம் செல்வராணி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி, முகம் நிறையச் சந்தோசம்.

"சார், ரெண்டாவது பாகத்துல நீங்க வர்றீங்க!"

போனை எடுத்துக் காட்டினார். கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி, ஒல்லியான உடம்பு — இளம் வயதில் நானேதான். தலையைச் சுற்றி மட்டும் மஞ்சளாக ஏதோ.

"இது என்ன பிள்ளை? மப்ளரே?"

"ஒளிவட்டம் சார். நல்லவங்களுக்குப் போடுறது. தினேஷ் போட்டிருக்கான்." தினேஷ்தான் ஹட்டன்காரர், படம் வரைகிறவர்.

கதை இதுதான்: ஊரில் யாரோ பேக்கரியைப் பற்றி இல்லாத பொல்லாத கதை கட்டிவிடுகிறார்கள். வீரமலை உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அப்போது நல்ல வாத்தியார் ஒருவர் குடையோடு வந்து, 'சுவரை எடுத்துவிடுங்கள், ஊர் உள்ளே பார்க்கட்டும்' என்று வழி சொல்கிறார்.

"அப்பா எப்பவும் சொல்வாரு சார். சுவத்த ஒடைக்கிறதுக்கு ஒங்க சார்தான் காரணம்னு. அதனால நீங்களே கொரல் குடுக்கணும்."

என் கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. வீரமலை அப்படியா சொல்லி வைத்திருந்தார்? பொய்யே சொல்லாமல் ஒருவனை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. மகள் அதை நன்றியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் முதல் நியமனத்துக்கு இங்கே வந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, தலை கொள்ளாத கர்வம். தோட்டத்துச் சனங்களுக்கு எல்லாவற்றையும் நான்தான் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அவர்களிடம் எனக்குத் தெரியாதது ஏதும் இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி பேக்கரியின் பின்பக்கமாகப் போகும். ஒருநாள் காலை ஆறரை மணி இருக்கும். பைப்படியில் வீரமலை நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெள்ளை வெளேரென்று இருந்தன. தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில், மா பிசையும் மரத்தொட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

பேக்கரி தொடங்குவதற்கு முன் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பெட்டிக்குள் இறங்கி, தேயிலையைக் காலால் மிதித்து அமுக்குகிற வேலை. இதை யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

தேயிலையை மிதித்தவர்... வெள்ளைக் கால்... மரத்தொட்டி...

படித்தவனுக்கு ஒரு முடிவுக்கு வர எவ்வளவு நேரம் வேண்டும்? பேக்கரியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்கிற நேரம் போதும்.

அன்றைக்கே ஏழாம் வகுப்பில் சுகாதாரப் பாடம். கரும்பலகையில் 'கிருமிகள்' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். சொன்னேன்: "இந்த ஊர் பேக்கரியிலை காலாலை மிதிச்சுத்தான் மா பிசையினம். நானே கண்டனான்."

நாற்பது பிள்ளைகள். அன்று பின்னேரம் லயம் லயமாகப் போய்விட்டது. அடுத்த நாள் கொழுந்து பறிக்கிற மலையில் அதுதான் பேச்சு. வதந்திக்கு ஒரு குணம் உண்டு — மூன்றாவது லயத்தைத் தாண்டும்போதே 'சார் சொன்னாரு' உதிர்ந்துவிடும். 'எல்லாரும் சொல்றாங்க' மட்டும் மிஞ்சும். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது, தெரியுமா?

பாண் விற்காமல் திரும்பி வந்தது. விடியுமுன் தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு வீரமலை லயத்துக்குப் போவார். "இன்னிக்கு ரொட்டி சுட்டுட்டோமுங்க" என்று ஒவ்வொரு காம்பரா வாசலிலும் மரியாதையாகச் சொல்வார்கள். ஒரு வீட்டிலும் அவர் சண்டை பிடிக்கவில்லை. "யாருங்க சொன்னா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். கேட்டுக்கேட்டு, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவருடைய மகள் செல்வராணி அப்போது அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டம் வைத்தார்கள். கால் பாண். அவள் ஒன்பது நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள்; எனக்குக் காது கேட்டது. வாய் திறக்கவில்லை. நான் கண்ணால் கண்டவன் அல்லவா!

இரண்டு வாரம் கழித்துத்தான் பியசேன பாஸ் அலவாங்கோடு வந்தார். சுவர் போனது, கண்ணாடி வந்தது. வீரமலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளை அனுப்பச் சொல்லி அதிபரிடம் கேட்டார். ஏழாம் வகுப்பை நான் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், நீங்க முன்னுக்கு வாங்க. கண்ணாடி போட்டிருக்கீங்க, தூரத்துல நின்னா சரியாத் தெரியாது."

முன்னால் போய் நின்றேன். நான்கு பேர், முழங்கை வரை கழுவிய கைகளால், மாவைத் தூக்கி மேசையில் அடித்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். காலுக்கு அங்கே வேலையே இல்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ் கிடைத்தது.

நான் அப்போதும் நம்பவில்லை. பார்வைக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தேன்! பின்பக்கம் எப்படி என்று பார்க்க, மெதுவாகப் பைப்படிக்குப் போனேன்.

வீரமலை ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நடைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சவர்க்காரக் கட்டி, மறு கையில் உப்பு. இரண்டையும் சேர்த்து முழங்காலிலிருந்து பாதம் வரை அழுத்தித் தேய்த்தார். என் கண் முன்னாலேயே இரண்டு கால்களும் வெள்ளையாகின.

நிமிர்ந்து பார்த்தார். நான் விளங்கிக்கொண்டேன் என்பதை அவரும் விளங்கிக்கொண்டார்.

"அட்டைக்கு சார். தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில போறேன்ல? இதத் தேய்க்காட்டி காலு ரெண்டும் ரத்தமாயிரும்." சிறிது நிறுத்தி, குத்தல் துளியும் இல்லாமல் கேட்டார். "ஒங்க ஊர்ல அட்டை இல்லீங்களா?"

"இல்லை," என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு அடுத்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்தைந்து வருடமாகச் சொல்லவில்லை.

அழுக்கு என்று நான் கண்டது சவர்க்காரம், வாசகர்களே.

அதன் பிறகு நாங்கள் சினேகிதர்களாகிவிட்டோம். அதுதான் இன்னும் மோசம். என் கல்யாணத்துக்குக் கேக் அடித்துத் தந்தவர் அவர். என் மகன் பிறந்தபோது லயத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனவர் அவர். பின்னேரங்களில் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து அரசியல், மழை, மாவின் தரம் எல்லாம் பேசுவோம். முதலில் மானத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு சினேகிதம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. பிறகு, இனி எதற்கு என்று... அவருடைய சாவு வீட்டில் இருபது நிமிடம் இரங்கலுரை வேறு ஆற்றினேன். சுவரைப் பற்றி அதில் உருக்கமாகப் பேசினேன். காரணத்தைப் பற்றி? மூச்!

ஒரு மனிதரைச் சுற்றிக் கதை வளர, அவர் மேல் பாசம் வைத்தவர்கள் மட்டும் போதாது. உண்மை தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டும். அந்த வேலையை நான் திறம்படச் செய்தேன்.

செல்வராணி போனபிறகு என் மனைவி மங்களம் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். அவள் ராகலைக்காரி, பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. "கொரல் குடுக்க என்ன யோசன? நல்ல வாத்தியார்னு ஊரே சொல்லப் போவுது. குடுத்துட்டு வாங்க."

அவளிடமும் நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கத்தி பாதிக் கேக்கில் நின்றது.

"அந்தப் புள்ள ஒம்போது நாளு பள்ளிக்கூடம் போகலியா?"

"ஓம்."

"அவ குடுத்த கேக்க நீங்க திங்கப் போறீங்களா?"

நான் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லிட்டு வந்து சோறு கேளுங்க."

அடுத்த நாள் காலை பேக்கரிக்குப் போனேன். செல்வராணி கவுண்டரில் நின்று பணிஸ் பொதி கட்டிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத நேரம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன் — பைப்படி, ஏழாம் வகுப்பு, அட்டை. எதையும் குறைக்கவில்லை; 'அந்த வயசிலை' என்று சாட்டுச் சொல்லவும் இல்லை.

அவர் கட்டிக்கொண்டிருந்த பொதியைக் கட்டி முடித்தார். நூலை அறுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கால் பாண்."

கல்யாணம் முடித்து, பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்த மனுஷி. அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது முகம் ஏழு வயதுப் பிள்ளையின் முகமாகிவிட்டது.

"அந்தப் பேரு என்னைய விட்டுப் போக எத்தன வருசமாச்சுன்னு தெரியுமா சார்?"

"தெரியும் பிள்ளை."

"தெரியாது சார்." குரலை உயர்த்தவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா? நீங்கதான்னு?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே..." என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். அதற்குள் பாண் வாங்க ஒருவர் வந்துவிட்டார். "என்னங்க வேணும்?" என்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

ஒரு வாரம் போன் வரவில்லை. பாண் ஆட்டோ வரும். ஆட்டோக்காரர் வழக்கம்போல வம்பளப்பார். அவருக்கு எதுவும் தெரியாது என்று விளங்கியது. செல்வராணி யாரிடமும் சொல்லவில்லை. தகப்பனின் மகள்!

போன புதன்கிழமை கூப்பிட்டார். "சார், நாளைக்கு ஹட்டனுக்கு வாங்க. ரெக்கார்டிங் இருக்கு." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரெல்லாம் மெத்தையும் போர்வையும். தினேஷ் என் கையில் ஸ்கிரிப்டைத் தந்தார்.

"ஒளிவட்டத்த எடுத்துட்டோம் சார். வில்லன் இல்லாம புள்ளைங்க பாக்காதுன்னு நானும் ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப கெடச்சுட்டாரு!" குரலைத் தாழ்த்தினார். "கொம்பு வைக்கவான்னு கேட்டேன். அக்கா வேணாம்னுட்டாங்க."

செல்வராணி மூலையில் உட்கார்ந்திருந்தார். "அப்பா ஒங்கள நல்லவரா ஆக்கிட்டுப் போயிட்டாரு சார். நான் அவ்வளவு நல்லவ இல்ல. நடந்தத நடந்த மாதிரியே வைக்கிறேன். பேசுறீங்களா?"

"பேசுறன்."

முதல் வசனம், வகுப்பறை. 'காலாலை மிதிச்சுத்தான் மா பிசையினம். நானே கண்டனான்.' ஒரே டேக். தினேஷ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "சூப்பர் சார்! அப்படியே இருக்கு!"

அடுத்தது மன்னிப்பு. வாத்தியார் பாண் மாமாவிடம் சொல்கிறார்: 'ஐயா, நான் செய்தது தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்.' ஆறே சொற்கள்.

"சார், வகுப்பு எடுக்குற மாதிரி இருக்கு. இன்னொன்னு போவோம்."

"இப்ப செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

மூன்றாவது தடவை கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன்.

"நல்லாத்தான் இருக்கு சார்... ஆனா யாருக்கிட்ட சொல்றீங்கன்னு தெரியல."

நான் தாளை மடித்துக் கீழே வைத்தேன். முன்னால் ஸ்கிரீனில் பாதி வரைந்த வீரமலை நின்றார். மீசை சரியாக வந்திருந்தது. கால் இரண்டுக்கும் இன்னும் நிறம் போடவில்லை. ஐந்தாவது தடவை, வாயில் வந்தது இதுதான்:

"வீரமலை அண்ணை, நான் பிழை விட்டிட்டன். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். உங்கட பிள்ளையையும் அழ வச்சிட்டன்."

தினேஷ் ஸ்கிரிப்டைப் புரட்டினார். "சார், இது இதுல இல்லியே..."

"அதையே வையி," என்றார் செல்வராணி. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது என்னைப் பார்க்காமல் ஸ்கிரீனைப் பார்த்துக் கேட்டார்:

"இதுக்கு அப்பா என்ன சொல்லணும் சார்? நீங்கதான் அவரோட ரொம்பப் பழகுனவரு. என்ன சொல்லியிருப்பாரு?"

யோசித்துப் பார்த்தேன். சிரித்திருப்பாரா? 'விடுங்க சார்' என்றிருப்பாரா? ஒரு தடவையாவது கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பாரா? கேட்க வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்குமே! நாற்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவன், ஒரு வசனம் சொல்ல முடியாமல் நின்றேன். அவருடைய பதில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவனும் நான்தான்.

"தெரியாது பிள்ளை," என்றேன்.

ஆகவே அந்த இடத்தில் பாண் மாமா பேச மாட்டார். மூன்று செக்கன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். தினேஷுக்கு அதில் திருப்தியில்லை — பிள்ளைகள் வேறு படத்துக்கு மாற்றிவிடும் என்கிறார்.

செல்வராணி என்னை மன்னித்தாரா? நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தார். சீட் கிடைக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது பாகம் விரைவில் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வாத்தியாரைத் திட்டினால் தடுக்காதீர்கள். அதற்குத்தான் முன்கூட்டியே என் கையாலேயே எழுதிவிட்டேன். நீங்களும் யாரிடமாவது ஒரு சொல் பாக்கி வைத்திருந்தால், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் கார்ட்டூன் எடுக்க ஆள் கிடைப்பதில்லை.